அம்மாவின் கட்டைவிரலும் 72 மணி நேரமும்

"ஏட்டி, போன் பூட்டிக்கிட்டு. திறக்க மாட்டேங்கு."

வெள்ளிக்கிழமை காலை 8 மணி. கோவில்பட்டியிலிருந்து அம்மா. நான் சென்னையில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பூட்டிக்கிட்டா? அப்ப எந்த போன்ல இருந்து பேசுற?"

"இதுல இருந்துதான்."

விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். அவர் போனின் பேட்டர்னை அக்கா மகன் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டான். அம்மா மிஷினில் உட்கார்ந்ததும் போன் அவன் கைக்குப் போய்விடும். வியாழக்கிழமை ராத்திரி 10 மணி வாக்கில், அவன் தூங்கிய பிறகு, பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்கப் பின் நம்பர் வைத்திருக்கிறார். காலையில் கை ஈரம். கைரேகை பிடிக்கவில்லை, போன் பின் நம்பரைக் கேட்டிருக்கிறது.

"யாருக்கும் சிக்காத நம்பரா இருக்கணும்னு யோசிச்சு யோசிச்சுப் போட்டேன். இப்ப எனக்கே சிக்க மாட்டேங்கு."

கையைத் துடைத்துவிட்டு வைத்ததும் திறந்துவிட்டது. ஆக, போன் திறக்கிறது, நம்பர்தான் தெரியாது. இதிலென்ன அவசரம் என்று அம்மா நினைத்தார். பக்கத்து வீட்டு அத்தை ஏற்கெனவே வைத்தியம் சொல்லிவிட்டாராம்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா, சரியாயிரும்."

"அம்மா! எதை வேணாலும் செய்யி, போனை மட்டும் அணைச்சிராத!" நான் கத்திய கத்தலில் அறைத்தோழி எழுந்து வந்துவிட்டாள்.

ஆண்ட்ராய்டு போனில் பின் நம்பரும் கைரேகையும் ஒரே தகுதி கொண்டவை அல்ல. உள்ளே இருக்கும் படம், செய்தி எல்லாம் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கி (என்கிரிப்ட் செய்து) பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் சாவி பின் நம்பரோடு பிணைந்தது. நம்பரைப் போட்டு ஒரு தடவை திறந்தால் சாவி போனின் நினைவில் தங்கிவிடும். அதன் பிறகுதான் கைரேகைக்கு வேலை. வாசல் பூட்டைத் திறந்து வைத்த வீட்டில் உள்தாழ்ப்பாளை மட்டும் நீக்கிக்கொண்டு போய்வருவது மாதிரி. போனை அணைத்தால் வாசல் பூட்டு மறுபடி விழுந்துவிடும். அப்போது கைரேகை செல்லாது. போன வருஷம் என் போன் ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆகி, காலையில் அம்மா கூப்பிட்டபோது திரையில் பெயர் வரவில்லை, வெறும் நம்பர்தான் வந்தது. நான் பின் நம்பர் போடும்வரை என் தொடர்புப் பட்டியலே போனுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். இல்லாவிட்டால் நானும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அணைக்காமல் வைத்திருந்தாலும் கெடு உண்டு. கடைசியாக நம்பர் போட்டு 72 மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது போன் அதைக் கட்டாயம் கேட்கும். வியாழன் ராத்திரி 10 மணியிலிருந்து கணக்குப் போட்டால் ஞாயிறு ராத்திரி 10 மணி.

போனிலேயே மூன்று விஷயம் சொன்னேன். சார்ஜில் போட்டே வைத்திரு. அப்டேட் என்று எது வந்தாலும் தொடாதே. நம்பரை யோசித்து யோசித்துப் போட்டுப் பார்க்காதே. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் 30 விநாடி காக்க வைக்கும். போகப் போக அந்தக் காத்திருப்பு நீளும்.

அன்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஏறினேன். விழுப்புரம் வரை நின்றுகொண்டே பயணம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அம்மாவின் அளவு நோட்டுகளைச் சில வருஷம் முன்பு கரையான் அரித்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லா அளவும் போனில்தான். நோட்ஸ் ஆப்பில் ஆளுக்கொரு குறிப்பு, கூடவே வாடிக்கையாளர்கள் அனுப்பும் டிசைன் படங்கள், "அக்கா, கை மட்டும் அரை இன்ச் ஏத்தி வைங்க" என்கிற வாட்ஸ்அப் குரல் செய்திகள். எல்லாம் சேர்ந்து 70 ஜிபிக்கு மேல். எதற்கும் வேறு பிரதி கிடையாது. ஆவணி முகூர்த்தம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா புருஷன் தயாராக நிற்கிறார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் விசாரித்துவிட்டாராம். 800 ரூபாய், அரை மணி நேரம். "டேட்டா இருக்குமான்னு கேட்டீங்களா அத்தான்?" என்றேன். கேட்கவில்லை. போன் போட்டுக் கேட்டோம். "ஃபிளாஷ் அடிச்சா எல்லாம் போயிரும்மா, போன் மட்டும் புதுசு மாதிரி ஆயிரும்" என்றார் கடைக்காரர். கேட்டதும் உண்மையைச் சொன்னார், அந்த மட்டும் நல்ல மனுஷன்.

பழைய ஆண்ட்ராய்டுகளில் உள்ளே ஒரு சின்ன ஃபைலை அழித்துவிட்டால் பேட்டர்ன் போய்விடும், படங்கள் அப்படியே இருக்கும். கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் சம்பாதித்த பெயர் இன்னும் ஊரில் உலவுகிறது. ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களிலிருந்து உள்ளே இருப்பதைப் பூட்டி வைப்பது கட்டாயமாகிவிட்டது. பூட்டை உடைத்தால் சாவியும் சேர்ந்து உடைந்துவிடும். "டேட்டா போகாமல் அன்லாக்" என்று யூட்யூபில் வரும் வீடியோக்களை ரயிலில் பத்துப் பதினைந்து பார்த்தேன். பாதி வீடியோக்கள் எல்லாவற்றையும் அழித்த பிறகு வரும் கூகுள் பூட்டைத் தாண்டுவது பற்றியவை. மீதி ஏதோ ஒரு மென்பொருளை விற்கிறவை.

கைரேகையால் திறந்த போனில் பின் நம்பரை மாற்ற முடியாதா? முயன்றேன். பழைய நம்பரைக் கேட்டது. இன்னொரு விரலைச் சேர்க்கப் போனேன், அதற்கும் நம்பர். டெவலப்பர் ஆப்ஷனுக்கும் நம்பர். செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யக்கூட நம்பர். போன் செய்வது நியாயம்தான், யாரோ தூங்குகிறவர் விரலைப் பிடித்து வைத்துத் திறந்து பூட்டையே மாற்றிவிடக் கூடாதல்லவா. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆகவே வழி ஒன்றுதான். கெடு முடிவதற்குள் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, போனை நாமே அழித்து, திரும்ப நிரப்புவது.

முதல் வேலையாக அம்மாவின் கூகுள் பாஸ்வேர்டைப் பிடித்தேன். அதுவும் அவருக்குத் தெரியாது. போன் வாங்கிய கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. இதை விட்டிருந்தால் அத்தனையும் வீண். ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்தே, பூட்டிய போனை வெளியிலிருந்து அழித்தால் அது முன்பிருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். இல்லாவிட்டால் பழைய திரைப்பூட்டை. நமக்கு இரண்டுமே இல்லை. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று கொடுத்தேன். கைரேகை கேட்டது, எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வந்தது, மாற்றிவிட்டோம். மாற்றினால் 24 மணி நேரம் கழித்துத்தான் போனை ரீசெட் செய்யச் சொல்கிறது கூகுள். அப்போது சனி காலை 6 மணி. ஞாயிறு காலை 6-க்கு முன்னால் அழிக்கக் கூடாது, ராத்திரி 10-ஐத் தாண்டவும் கூடாது.

அடுத்தது கட்டைவிரல். பதிவாகியிருந்தது அம்மாவின் வலது கட்டைவிரல் ஒன்றுதான். முப்பது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த கட்டைவிரல். காய்த்துப்போய் ரேகையே மங்கியிருந்தது. ஐந்து தடவை பிடிக்காவிட்டால் போன் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். தொடர்ந்து 20 தடவை தப்பினால் கைரேகையை மறுத்துவிட்டு நம்பர்தான் வேண்டும் என்று நிற்கும். அம்மாவுக்கு இரண்டு நாள் கத்தரிக்கோல், உள்ளி உரிப்பது, பாத்திரம் கழுவுவது எதுவும் கிடையாது என்று உத்தரவு போட்டேன். "இப்படியே வருஷம் பூரா நம்பர் மறந்துட்டு இருக்கலாம் போலருக்கே" என்றார். விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்து வைத்தபோது ஓரளவு பிடித்தது. திரை அணையும் நேரத்தை இருப்பதிலேயே அதிகமாக வைத்தேன். நல்லவேளை, அதற்கு நம்பர் கேட்கவில்லை.

தொடர்புகள் எளிது. எல்லாம் போனிலேயே சேமித்தவை. ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்து கூகுள் கணக்கில் சேர்த்தேன். படங்களை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்புக்கு இழுத்தேன். மொத்தமாக இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. மாதவாரியாகப் பிரித்து இழுக்க வேண்டியிருந்தது, சனிக்கிழமை பகல் முழுக்க அதிலேயே போனது.

வாட்ஸ்அப்பைக் கூகுள் டிரைவில் ஏற்ற முடியவில்லை. இலவச 15 ஜிபியும் எப்போதோ நிரம்பியிருந்தது. ஆனால் வாட்ஸ்அப் போனுக்குள்ளேயும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். பேக்கப்பை ஒரு தடவை தட்டிவிட்டு, ஆண்ட்ராய்டு என்கிற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப் என்று இருப்பதை அப்படியே லேப்டாப்பில் எடுத்து வைத்தேன். குரல் செய்திகளும் அதற்குள்ளேதான்.

நான் கிட்டத்தட்ட ஏமாந்த இடம் எஸ்எம்எஸ். "அதுதான் கூகுள் பேக்கப்ல இருக்கே" என்று விடப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து அந்த பேக்கப்பில் பல பகுதிகளைப் பூட்டுவது அந்தப் போனின் திரைப்பூட்டு நம்பர்தான். திரும்ப எடுக்கும்போது அதைக் கேட்கும். மறந்துபோன அதே நம்பரை! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. எஸ்எம்எஸ்ஸைத் தனியாக ஃபைலாக்கித் தரும் ஆப் ஒன்றைப் போட்டு எடுத்தேன்.

நோட்ஸ் ஆப்தான் உயிரை வாங்கியது. 212 குறிப்புகள். மொத்தமாக வெளியே எடுக்க வழியே இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பகிர வேண்டும். நாற்பது தாண்டியதும் அம்மா எழுந்துபோய் ஒரு நீளநோட்டை எடுத்து வந்தார். "நீ எனக்குச் சொல்லு, நான் எழுதுதேன். மிஷினை நம்பினது போதும்." நான் பகிரப் பகிர வாசித்தேன், அவர் எழுதினார். உயரம் 14, மார்பு 36, தோள் 14, கை 5, முன்கழுத்து 7. பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு நான் வாசிக்கும் முன்பே அளவைச் சொல்லிவிடுகிறார். "அவளுக்கு இப்ப 38 ஆயிருச்சி, பிள்ளை பெத்த பொறவு மாத்தணும்." இத்தனை பேர் தோளும் கழுத்தும் நினைவில் நிற்கிறது, ஆறு இலக்கம் நிற்கவில்லையே என்று கேட்டேன். "அதெல்லாம் ஆளு, இது வெறும் நம்பர்" என்றார். முடிக்க ராத்திரி 2 மணி.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பில் எடுத்தவை திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்தைத் திறந்து பார்த்தேன். அப்புறம் போனை முதல் தடவையாக அணைத்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரிகவரி என்கிற பழுதுபார்க்கும் திரைக்குள் போய், எல்லாவற்றையும் அழித்தேன். திரும்ப எழுந்ததும் எதிர்பார்த்தபடியே கூகுள் கணக்கைக் கேட்டது. புது பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. பேக்கப்பிலிருந்து எடுக்கட்டுமா, பழைய திரைப்பூட்டு நம்பர் என்ன என்று கேட்டது. அந்தக் கேள்வியை அப்படியே தாண்டிவிட்டோம்.

வாட்ஸ்அப் ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டு ஆப்பைப் போட்டால், பிரதி இருக்கிறது, எடுக்கட்டுமா என்று அதுவே கேட்டது. யூபிஐ ஆப்பில் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய் மறுபடி பதிவானது. யூபிஐ பின் நம்பர் பழையதே செல்லுபடி, அதை மட்டும் அம்மா மறக்கவில்லை. போனவை: அழைப்புப் பட்டியல், அலாரங்கள், அக்கா மகன் விளையாடி ஏறியிருந்த 140 லெவல்கள். அவன் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

புது நம்பர் வைத்த கையோடு இரண்டு கையிலுமாகச் சேர்த்து மூன்று விரலைப் பதிந்தோம். நம்பரை எங்கேயாவது எழுதி வை என்றேன். "எழுதிட்டேன்" என்று நீளநோட்டைத் தள்ளினார். தேடிப் பார்த்தேன். கடைசிப் பக்கம், அட்டையின் உள்பக்கம், எங்கேயும் இல்லை. 150-ஆவது பெயருக்குப் பக்கத்தில் கேள்விப்படாத பெயர் ஒன்று இருந்தது. தோள், கை, கழுத்து, மூன்றே அளவு. என்னவென்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தத் தோளும் அந்தக் கழுத்தும் உள்ள மனுஷி கோவில்பட்டியில் இல்லை.

"இவளுக்கு யாரும்மா பிளவுஸ் தைப்பா?"

"ஏன், நான்தான். முன்பணம் குடுத்தா தைச்சிர வேண்டியதுதான்."