பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்களா?

எங்கப்பா ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார். பத்து வருஷமா குடும்ப வம்சாவளி ஒண்ணு டைப் பண்ணிட்டு இருந்தாரு, எந்தப் பெரிய தாத்தா எந்த ஊர்ல பொண்ணெடுத்தாரு, யாருக்கு யாரு பங்காளின்னு அத்தனையும் அதுல இருக்கும். அந்த ஃபைல் இருந்த ஹார்ட் டிஸ்க் போன ஆடி மாசம் டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல கண்ண மூடிருச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், கடைக்காரர் டிஸ்க காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு "டேட்டாவப் படிக்கற ஹெட் போயிருச்சு சார், இருபத்திரெண்டாயிரம் ஆகும், டேட்டா வரும்னு கேரண்டி எல்லாம் கிடையாது"ன்னாரு.

இதுல கொடுமை என்னன்னா பேக்கப் ஓடிட்டுதான் இருந்துச்சு. விண்டோஸ் கூடவே வர்ற ஃபைல் ஹிஸ்டரிய நான்தான் ஆன் பண்ணி வச்சேன், மணிக்கொரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி ஆகிட்டே இருந்துச்சு. ஆனா அது டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களதான் எடுக்கும், அப்பா டி டிரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருந்தாரு. அத சேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, தப்பு முழுக்க என்னோடது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கத் திறந்தா என் மச்சினன் கல்யாண போட்டோ அத்தனையும் பேர் பின்னாடி தேதி நேரத்தோட பத்திரமா இருக்கு, வம்சாவளி மட்டும் இல்ல. அப்பா ஒண்ணுமே சொல்லல, எப்பவோ பிரிண்ட் எடுத்த பழைய பேப்பர்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு முதல் பக்கத்துல இருந்து மறுபடி டைப் பண்ண உக்காந்துட்டாரு. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் தேடினப்ப ஃபீச்சர் லிஸ்ட் படிக்கறத விட்டுட்டேன். ஒரே ஒரு பரீட்சைதான். ஒரு ஃபோல்டர பேக்கப் எடுக்கறது, ஒரிஜினல அழிக்கறது, அப்புறம் பேக்கப் டிஸ்க்க என் தங்கச்சியோட லேப்டாப்ல சொருகி ஃபைல திரும்ப எடுக்க முடியுதான்னு பாக்கறது. நிஜமா டிஸ்க் போற அன்னிக்கு நம்ம கையில பழைய கம்ப்யூட்டர் இருக்காதுல்ல.

ட்யூப்ளிகாட்டி பண்றது நல்ல வேலைதான், இலவசம், பாஸ்வேர்ட் இல்லாம யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் பண்ணும், ஒரே விஷயத்த ரெண்டு தடவை சேமிக்காது. ஆனா பேக்கப் ஃபோல்டர திறந்து பாத்தா 50 எம்பி 50 எம்பியா நறுக்கி வச்ச துண்டுதான் இருக்கும், உள்ள எது வம்சாவளி எது கரண்ட் பில்லுன்னு மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, அந்த சாஃப்ட்வேர மறுபடி இன்ஸ்டால் பண்ணி பாஸ்வேர்டையும் குடுத்தாதான் ஃபைல் வெளிய வரும். நான் ஊர்ல இல்லாத நேரத்துல அப்பா இத செய்வாரா? மாட்டாரு. ரெஸ்டிக்கும் இதே வகைதான், அதுக்கு மேல எல்லாத்தையும் கட்டளையா டைப் பண்ணி ஓட்டற கமாண்ட் லைன் வேற, பாஸ்வேர்ட் மறந்தா மொத்தமும் போச்சு. எனக்கு ஓகே, அவருக்கு ஆகாது.

கடைசில ஃப்ரீஃபைல்சிங்க்ல வந்து நின்னேன். ஃபைல அப்படியே ஃபைலா காப்பி பண்ணும், எந்த லேப்டாப்ல சொருகினாலும் டபுள் கிளிக் பண்ணித் திறந்துக்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், மிரர்னு போட்டு விட்டுட்டா இந்தப் பக்கம் அழிச்சது அந்தப் பக்கமும் அழிஞ்சிடும், அதனால டெலீட் செட்டிங்ல வெர்ஷனிங் போட்டு வேற ஃபோல்டர் காட்டணும், அழிஞ்சது மாறினது எல்லாம் அங்க போய் உக்காந்துக்கும். கூகுள் டிரைவ்ல போட்டாச்சு போதும்னு சொல்றவங்களுக்கும் இதேதான், அது சிங்க், ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வச்சுக்கறது, இங்க அழிச்சா அங்கயும் ட்ராஷுக்குப் போயிடும், 30 நாள்ல அங்க இருந்தும் காலி.

விண்டோஸே படுத்துட்டா என்ன பண்றதுன்னு விண்டோஸோட சேத்து மொத்த டிஸ்க்கையும் அப்படியே காப்பி எடுக்கற டிஸ்க் இமேஜுக்கு வீம் ஏஜென்ட்டோட இலவச எடிஷன் போட்டேன். இந்த வேலைக்கு முன்னாடி எல்லாரும் மேக்ரியம் ஃப்ரீதான் சொல்வாங்க, அதுக்கு 2024 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சுது. இமேஜ் எடுத்தா மட்டும் போதாதுங்க, ரெக்கவரி பென்டிரைவ் ஒண்ணு போட்டு அதுல இருந்து கம்ப்யூட்டர் நிஜமாவே ஸ்டார்ட் ஆகுதான்னு, அதாவது பூட் ஆகுதான்னு பாக்கணும். எனக்கு முதல் தடவ ஆகல, பயாஸ்ங்கற கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ல, எதுல இருந்து முதல்ல ஸ்டார்ட் ஆகணும்ங்கற பூட் ஆர்டர மாத்தின பிறகுதான் வந்துச்சு. டிஸ்க் செத்த அன்னிக்கு இதத் தெரிஞ்சுக்கிட்டிருந்தா கையும் ஓடாது காலும் ஓடாது.

இப்ப டிஸ்க் ரெண்டு. ஒண்ணு வீட்ல, வேலை முடிஞ்சதும் கழட்டிடணும், சொருகியே கிடந்தா, ஃபைல்கள பூட்டி வச்சுக் காசு கேக்கற ரேன்சம்வேர் வந்தா அதையும் சேத்து லாக் பண்ணிடும். இன்னொண்ணு தாம்பரத்துல தங்கச்சி வீட்ல, மாசம் ஒரு தடவ மாத்திக்குவோம். அப்பா டிஸ்க்க பீரோவுல வீட்டுப் பத்திரம் இருக்கற மஞ்சப் பைக்குள்ள வச்சிருக்காரு, அத எடுக்க அம்மாகிட்ட சாவி வாங்கணும். வம்சாவளி இப்ப கொள்ளுத்தாத்தா வரைக்கும் வந்திருச்சு. இத்தனை பண்ணியும் ஞாயித்துக்கிழமை ஆனா பிரிண்ட் எடுக்கறத மட்டும் அவரு விடல, கார்ட்ரிட்ஜ் காசு என் கணக்குல.