விட்பி துறைமுகத்தில் ஒரு தட்டு ஹேடக்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரை ஊர் விட்பி. அங்கே ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ (பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும்) கடைக்காரர், மாவில் தோய்த்த ஹேடக் என்ற கடல்மீன் துண்டை உடனே எண்ணெயில் விட்டுவிடவில்லை. வாலைப் பிடித்தபடி, பாதி மீன் எண்ணெயில் இருக்க, சில நொடி அப்படியும் இப்படியும் ஆட்டினார். பிறகுதான் தனக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விட்டார்.

அந்தச் சில நொடியில் மாவு இறுகி, மீன் மிதக்கத் தொடங்கிவிடும். நேரே போட்டால் அடியில் போய் ஒட்டும். எடுக்கும்போது மேல்மாவு பிய்ந்து வரும்.

மாவு சில்லென்று இருக்கணும். எண்ணெய் 180 டிகிரிக்குக் குறையக் கூடாது. துண்டுகளை நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி, மாவு எண்ணெய் குடித்துவிடும்.

மாவு ஓடு சரியாக அமைந்தால் உள்ளே மீன் பொரிவதே இல்லை. தன் ஈரத்தின் ஆவியிலேயே வெந்து, இதழ் இதழாகப் பிரியும்.

எண்ணெய் என்கிறேன். ஆனால் யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் அது மாட்டுக் கொழுப்பு. சிப்ஸும் அதில்தான் பொரியும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஆர்டர் சொல்லும் முன் கேட்டுவிடுங்கள்.

சிப்ஸ் விரல் தடிமன். நம் பாக்கெட் சிப்ஸ் போல மொறுமொறுவென்று இருக்காது, இருக்கவும் கூடாது.

வினிகரை முதலில் தெளித்து, அப்புறம் உப்பு. மாற்றிச் செய்தால் வினிகர் உப்பைக் கழுவிவிடும். மீன்மேல் தாராளமாக ஊற்றாதீர்கள், மேல்மாவு தொய்ந்துபோகும். பல கடைகளில் அந்தப் பழுப்புத் திரவம், முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் வினிகரே அல்ல, நிறம் சேர்த்த அசிட்டிக் அமிலக் கரைசல்!

பார்சல் என்றால் பொட்டலத்தை இறுக்கி மூடாமல் வாங்குங்கள். ஆவி உள்ளேயே நின்றால் எல்லாம் நமத்துவிடும். திறந்து வைத்தாலோ கடற்காகம் கொத்திக்கொண்டு போகும்.

உதிர்ந்து பொரிந்த மாவுத் துணுக்குகளை ‘ஸ்கிராப்ஸ்’ என்று கேளுங்கள். பல கடைகளில் காசு வாங்க மாட்டார்கள்.