ஆற்றை நாய்?

மகளின் முழங்கைக்குக் கீழே இரண்டு கீறல். ஆழமில்லை, ஆனால் இரத்தம் பொட்டுப் பொட்டாய் நின்றது. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "ஆற்றை நாய்?"

எந்த ஆறு என்று யோசித்தேன். எங்கள் பக்கம் பேராறு ஓடுகிறதுதான். அதில் நீர்நாய் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறாரோ? நான் முழிப்பதைப் பார்த்து, வாங்கிலில் இருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "யாருடைய நாய் எண்டு கேக்கினம், பிள்ளை."

நான் பிறந்தது 1991இல், தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில். முந்தின வருடம்தான் அம்மாவும் அப்பாவும் இலங்கையிலிருந்து படகில் போய் இறங்கியிருந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். நாங்கள் திரும்பி வர 26 வருடம் ஆனது, அதுவும் சென்னைக்குப் போய், விமானம் ஏறி, கொழும்பு வழியாக. எல்லாரும் "ஊருக்குத் திரும்பிட்டீங்க" என்றார்கள். அப்பாவுக்கு அது திரும்பல். எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் புது நாடு. காசு புதிது, பேருந்தில் ஏறும் கதவு புதிது, அரிசியின் நிறம்கூடப் புதிது. வீட்டில் அம்மா பேசிய தமிழ் காதில் இருந்தது. நாக்கில் இருந்தது இராமநாதபுரம்.

முகாமில் நாய்களுக்குக் குறைவில்லை. வரிசை வீடுகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும். ஒன்றுக்கும் ஆள் கிடையாது. கடித்தால் ஊசி போடுவோம், நாலு நாள் திட்டுவோம். யாரைத் திட்டுவது? பொதுவாகத் திட்டுவோம், வெயிலைத் திட்டுகிற மாதிரி. இங்கே வந்து பார்த்தால் நேர்மாறு. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வளவு, ஒரு பெயர், சோறு வைக்க ஒரு நசுங்கிய சட்டி. கயிறு மட்டும் இல்லை. இரவில் பன்றி கச்சானை, அதாவது நிலக்கடலையை, கிளறும், யானை வேலியைத் தள்ளும். முதலில் குரல் கொடுப்பது நாய்தான். அதனால் நாய் வேண்டாம் என்று இங்கே யாருக்கும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் பகலில் அந்த நாய்கள் எங்கே போகின்றன? முன்பள்ளி முற்றத்துக்கு. சறுக்குக்குக் கீழே பிள்ளைகள் விழுந்தால் நோகக்கூடாதென்று கொட்டிய மணல், வெயில் நேரத்தில் குளிர்ச்சியாய் இருக்கும். அதில் குழி பறித்துப் படுக்கும். எழுந்து போகும்போது ஒரு நினைவுச்சின்னம் வைத்துவிட்டுப் போகும். காலையில் ஆசிரியை சிரட்டையால் அள்ளி எறிவதை நானே கண்டிருக்கிறேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களின் பின்னாலேயே வரும் நாய்கள்தான் அதிகம். "அது ஒண்டும் செய்யாது" என்பார்கள். உலகத்தில் எவருடைய நாயும் ஒன்றும் செய்யாது. கடிப்பதெல்லாம் பக்கத்து வீட்டு நாய்தான்.

கீறியது ஜிம்மி. பக்கத்துக் காணி ஐயாவின் நாய். பேரனை சைக்கிளில் ஏற்றி வருவார், ஜிம்மி கூடவே ஓடி வந்து, திறந்து கிடக்கும் முன்பள்ளிப் படலையால் உள்ளே நுழையும். அன்று விளையாட்டுக்குத்தான் பாய்ந்தது. நகம் பட்டுவிட்டது. அந்த நகத்தை அது நக்கியிருக்குமே, சும்மா விட முடியுமா? சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னார்கள்; கழுவினோம். முதல் ஊசியும் போட்டார்கள். பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது. நாய்க்கு ஆள் இருந்தால் அதை 14 நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது சுகமாக உயிரோடு நின்றால் மிச்ச ஊசிகளை நிறுத்திவிடலாம். விசர்நாய் நோய் வந்து குணம் குறி தெரிந்துவிட்டால் மனிதருக்கு மருந்தில்லை, அதனால் இந்தக் கணக்கு. தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அதற்குப் பதில் தெரியாமல் அன்று மாலை ஐயாவின் படலையில் போய் நின்றேன்.

"ஐயா, ஜிம்மியைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அவர் முகம் இறுகிப் போனது. "என்னைப் பேசுறதுக்கு நான் என்ன பிள்ளை செய்தனான்?"

இங்கே கதைப்பது கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. ஒரு வயதானவரின் வாசலில் நின்று, உங்களைத் திட்ட வந்திருக்கிறேன் என்று நானே அறிவித்திருக்கிறேன். முகாமில் நாயை வெயில் மாதிரித் திட்டிப் பழகிய எனக்கு, முகம் உள்ள ஒருவரிடம் குறை சொல்லவும் தெரியவில்லை. கணவர் வந்துதான் சமாளித்தார். கையைக் காட்டினோம். அட்டை எங்கேயோ இருக்கு, போன வருசம் போட்டது என்றார். கட்டி வையுங்கள் என்று நான் சொன்னதற்கு மட்டும் பதிலே இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு வேலிக்கு மேலால் அவர் மனைவி சொன்னா. 2008 கடைசியில் போரில் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் நாயை அவிழ்த்துவிட மறந்துவிட்டார்களாம். மெனிக் பாம் முகாம் எல்லாம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், மாமரத்தில் சங்கிலி அப்படியே இருந்ததாம். "அதுக்குப் பிறகு இந்த வளவுக்கை கட்டுறேல்லை" என்றா. மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருந்தாலும் சொல்வேன்: வளவுக்குள் அவிழ்த்துவிடுவது வேறு, பிள்ளைகள் உருளும் மணலுக்குக் கூட்டிவருவது வேறு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன், இம்முறை "கதைக்க வேணும்" என்றே தொடங்கி. வந்திருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாய்ப் பீயிலிருந்து விழும் புழு முட்டை மண்ணில் மாதக்கணக்காய்க் கிடக்கும், கை வழியாக வயிற்றுக்குள் போனால் ஈரலுக்கும் கண்ணுக்கும் கூடப் போகலாம் என்று விளக்கினார். வளர்ப்பு நாயைப் பதிய வேண்டுமென்ற சட்டம் 1901இலேயே இருக்கிறதாம். எங்கள் ஒழுங்கையில் பதிந்த நாயை நான் கண்டதில்லை. கடைக்காரர் கூட்டத்துக்கே வரவில்லை. அவருடைய இரண்டு நாய்களும் இன்றும் முன்பள்ளியின் பின்வேலியால்தான் வருகின்றன.

ஐயா கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பனஞ்சிலாகையும் கம்பியும் கொண்டுபோய், முன்பள்ளிப் படலைக்கு அடியில் இருந்த இடைவெளியை அடைத்து, தானாக மூடிக்கொள்ள ஒரு கல்லும் கட்டித் தொங்கவிட்டார். ஜிம்மி வெளியே குந்தியிருந்து பார்த்தது.

அதற்கு முன்பே இன்னொரு வேலை தொடங்கியிருந்தார். ஊசி போட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் படலையில் சைக்கிள் மணி. "பிள்ளை, பார், நிக்கிது. ரெண்டாம் நாள்." தினமும் வந்தார். "அஞ்சாம் நாள், சோறு திண்டது." "ஒன்பதாம் நாள், தண்ணி குடிச்சது, நல்லாப் பார்." மகள் பல் தீட்டிக்கொண்டே எண்ணப் பழகிவிட்டாள். பதினாலாம் நாள் ஒரு பை நிறைய அவித்த கச்சான் கொண்டுவந்தார்.

பதினைந்தாம் நாள் மணி கேட்கவில்லை. ஆறு மணிக்கு ஜிம்மி மட்டும் தனியே வந்து படலையில் நின்றது.