சித்தி வகுப்பும் பொங்காத மாவும்

வெள்ளைக்காரர்கள் டெல்லிக்கு வருவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. இட்லி மாவு டெல்லியில் வேலைநிறுத்தம் செய்வதும் அதே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் மயூர் விஹார் சித்தி, "வீட்டுச் சமையல் வகுப்பு, ஒரு தடவைக்கு 4 பேர் மட்டும்" என்று நடத்திக்கொண்டிருக்கிறாள். மே மாதம் வைத்தால் மாவு 6 மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். ஆனால் 44 டிகிரி வெயிலில் அதைப் பார்க்க ஹாலந்திலிருந்து யார் வருவார்கள்?

போன ஞாயிறு நாலு பேர். ஹாலந்து தம்பதி, அயர்லாந்துப் பெண் ஒருத்தி, ரிடையர் ஆன ஜப்பான்காரர் ஒருவர். டெல்லியில் இந்த மாதிரி வகுப்பென்றால் பட்டர் சிக்கன், பன்னீர், மசாலா டீ என்றுதான் இருக்கும். சித்தி வீட்டில் இட்லி, தோசை, சாம்பார், சட்னி, பில்டர் காபி. காலை 10 மணிக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, 2 மணிக்குப் பக்கத்திலிருக்கும் அக்ஷர்தாமைப் பார்க்கக் கிளம்பலாம் என்று சித்தப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை அக்ஷர்தாம் லீவு, வெள்ளிக்கிழமை தாஜ்மகால் லீவு; அதனால் வகுப்பு எந்தக் கிழமை என்பதையும் அவரேதான் முடிவு செய்வார். ரயில்வே போர்டு அவரை விட்டுவிட்டது, அவர் ரயில்வே போர்டை விடவில்லை.

ஜனவரியில் சித்தியின் முறை இது. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு வெள்ளை உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். அரிசி 6 மணி நேரம் ஊறும். உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். உளுந்தைக் கூடுதலாக ஊறப்போட்டால் மாவு வழவழவென்று ஆகும், உபரி காணாது. வெயில் காலத்தில் கிரைண்டர் சூட்டுக்கு ஐஸ் தண்ணி தெளித்து அரைப்பவள், குளிரில் வெதுவெதுப்பான தண்ணி தெளிப்பாள். உளுந்து 30 நிமிஷம் ஓடும். ஒரு துளி எடுத்துத் தண்ணியில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை. அரிசி மெல்லிய ரவை பதம். உப்பு குளிர்காலத்தில் பொங்கின பிறகுதான், ஏனென்றால் உப்பு புளிப்பை மெதுவாக்கும். காலை 8 மணிக்கு அரைத்தால் மறுநாள் காலை 8 மணிக்குத் தயார். அதாவது 24 மணி நேரம்.

சனிக்கிழமை காலையில் மலை மந்திர் முருகன் கோவில். அங்கிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட். அங்கே தேங்காய் பொறுக்கும்போது கரோல் பாக் பெரியம்மாவைப் பார்த்தாகிவிட்டது. பெரியம்மாவைப் பார்த்தால் எத்தனை மணிக்கு வீடு வந்து சேர முடியும் என்று உங்களுக்கே தெரியும். கிரைண்டர் போட்டது சாயங்காலம் 6 மணிக்கு. வகுப்புக்கு மீதி 16 மணி நேரம். வெளியே 7 டிகிரி.

சித்தப்பா உடனே தன் ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்த போர்வையை, எடுத்து வந்து பாத்திரத்துக்குப் போர்த்தினார். டெல்லியில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் செய்கிற தப்பு இது. ரஜாய்க்குள் நமக்குக் கதகதப்பாக இருப்பது நம் உடம்பு சூட்டினால். மாவுக்கு அப்படிச் சொந்தச் சூடு எதுவும் கிடையாது. 14 டிகிரியில் இருக்கிற மாவை ரஜாயால் சுற்றினால் ராத்திரி முழுக்க மிகப் பத்திரமாக 14 டிகிரியிலேயே இருக்கும். அதற்குத் தேவை 28லிருந்து 32 டிகிரி. மாவைப் பொங்க வைக்கிற லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா உளுந்தோடு வருவது. அது கரியமில வாயுவையும் புளிப்பையும் சேர்ந்தே தருகிறது. குளிரில் இரண்டையும் நிறுத்திவைக்கும். ஆகவே முதலில் மாவு சூடாக இருக்க வேண்டும், பிறகுதான் ரஜாய். அதைவிட நல்லது தெர்மோகோல் பெட்டி: உள்ளே பாத்திரம், பக்கத்தில் வெந்நீர் பாட்டில் இரண்டு, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். உள்ளே விளக்கு எரியும் பெரிய ஓவன் இருந்தால் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். ஹீட்டர் முன்னால் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் வெந்து கட்டி தட்டிப்போகும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும்.

தெர்மோகோல் பெட்டியில் சித்தப்பா பழைய வருமான வரிக் காகிதங்களை வைத்திருந்தார். அதை இரவு 9 மணிக்குக் காலி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

காலை 7 மணிக்குத் திறந்தால், நேற்று பாத்திரத்தில் ரப்பர் பேண்ட் கட்டின கோட்டிலேயே மாவு நின்றது. ஒரு குமிழி கிடையாது.

"ஈனோ போட்டுடேன். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் சித்தப்பா.

"அவங்களுக்குத் தெரியாதுங்கிறதாலதான் போடக் கூடாது" என்றாள் சித்தி. ஈனோ போட்டால் இட்லி உப்பும், பஞ்சாகக்கூட வரும். ஆனால் வாயு மட்டும்தான், புளிப்பு வராது. முதல் முதலாக இட்லி தின்பவன் அதுதான் இட்லி என்று ஊரில் போய்ச் சொல்லுவான். சித்திக்கு அது தாங்காது.

முடிவு: அடை. பொங்க வேண்டியதில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 2 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் துவரம்பருப்பு, அரை டம்ளர் கடலைப்பருப்பு, கால் டம்ளர் உளுந்து, காய்ந்த மிளகாய். வீட்டுக்கு 8 மிளகாய், விருந்தாளிக்கு 4, நிறத்துக்கு ஒரு காஷ்மீரி. கொதிநீரில் போட்டால் 2 மணி நேரத்தில் ஊறிவிடும்.

பத்து மணிக்கு நாலு பேரும் மூட்டை மாதிரி ஸ்வெட்டரில் வந்தார்கள். முதல் கேள்வியைக் கேட்டவர் ஹாலந்துக்காரர். சித்தி சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் வைத்து, "மூணு விசில்" என்றாள். அவர் நோட்டைத் திறந்து, "ஒரு விசில் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமாக இந்த நாட்டில் யாருமே கேட்டிராத கேள்வி. தீ அதிகம் என்றால் விசில் சீக்கிரம், சின்ன குக்கர் என்றால் இன்னும் சீக்கிரம், கேஸ்கெட் தளர்ந்திருந்தால் விசிலே வராது, வெறும் முனகல்தான். விசில் என்பது மணியும் இல்லை நிமிஷமும் இல்லை. அவர்கள் ஊர்க் குக்கர் விசிலடிக்காது, பிரஷர் ஏறினால் ஒரு கம்பி மேலே வரும், அவ்வளவுதான். கடைசியில் சித்தப்பா தீர்ப்பு சொன்னார்: பிரஷர் ஏறினதும் தீயைச் சிம்மில் வைத்து 10 நிமிஷம். அது சரியான கணக்குதான். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை, மூன்றாவது விசில் வரும்வரை அடுப்பை அணைக்க விடவில்லை. முதல் விசிலுக்கே ஹாலந்து அம்மா வாசல் வரை போய்விட்டார்.

பருப்புக்கு ஆர்.ஓ. தண்ணி ஏன் என்று ஜப்பான்காரர் கேட்டார். குழாய்த் தண்ணி கடினம்; அதிலிருக்கிற கால்சியம் பருப்பை இறுக்கிவிடும், நாலு விசிலானாலும் குழையாது. புளித்தண்ணியை முதலிலேயே ஊற்றினாலும் அதே கதை. பருப்பு குழைந்த பிறகுதான் புளி. இதை அவர் வரைபடமாகவே போட்டுக்கொண்டார்.

அந்த ஜப்பான்காரர் பையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. அதுதான் அன்று வீட்டில் பூகம்பம். "நெல்லிக்காய் அளவு புளி" என்று சித்தி எடுத்து வைத்ததை, "மன்னிக்கவும்" என்று சொல்லி வாங்கி நிறுத்தார். 31 கிராம். சித்தப்பா சோபாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "31 கிராமா? அது எலுமிச்சம்பழம்! நெல்லிக்காய்னா 15 கிராம்! கல்யாணத்திலேர்ந்து சொல்றேன், சாம்பார் புளிக்குதுன்னு!" சித்தி இன்னொரு உருண்டை எடுத்தாள். 30. மூன்றாவது, 31. கை மாறவேயில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ஜப்பான்காரர் நோட்டில் "நெல்லிக்காய் = 31 கி." என்று எழுதிக்கொண்டார். இனி ஒசாகாவில் ஏதோ ஒரு வீட்டில் சாம்பார் புளிக்கும், சித்தப்பாவுக்கு அங்கே ஒரு பங்காளி கிடைப்பார்.

அடுத்து அயர்லாந்துப் பெண். அவளுக்குக் கோதுமை ஆகாது. விளையாட்டில்லை, டாக்டர் சொன்ன சீலியாக் நோய். துளி உள்ளே போனாலும் குடல் பழுதாகும். முன்கூட்டியே எழுதியிருந்தாள். சித்தி நெஞ்சை நிமிர்த்தி, "எங்க சாப்பாட்டில கோதுமையே கிடையாது, எல்லாம் அரிசியும் பருப்பும்" என்றாள். தோசைக்கல்லும் தனி, சப்பாத்தி அதில் விழுந்ததே கிடையாது. எல்லாம் சரிதான். சாம்பார் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திறக்கப் போனவளை அந்தப் பெண் தடுத்து, லேபிளைப் பார்க்கலாமா என்றாள்.

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். கோந்து, கோதுமை மாவு, அதற்கப்புறம்தான் பெருங்காயம்.

சித்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுத்தமான பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து பிசினாக வருவது. நெடி தாங்க முடியாது என்பதால் ஹாத்ரஸ் மாதிரி ஊர்களில் மாவும் கோந்தும் சேர்த்துப் பிசைந்து விற்பார்கள். கடையில் கட்டி, தூள் என்று வாங்குவதில் பெரும்பாலும் இதுதான். மைதாவோ கோதுமை மாவோ போட்டதும் உண்டு, அரிசி மாவு போட்டதும் உண்டு. டப்பாவைப் படித்தால்தான் தெரியும். இந்தியாவில் பெருங்காயச் செடியை முதன்முதலில் நட்டதே 2020 அக்டோபரில், லாஹௌல் பள்ளத்தாக்கில். பழைய டெல்லி மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்கு ஓடிப் போய்க் கலப்பில்லாத பிசின் வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை. அதனால் சாம்பாரிலும் அடையிலும் பெருங்காயம் இல்லை. இஞ்சியும் சீரகமும் கூடுதல். டப்பாவைத் தொட்ட கையையும் கரண்டியையும் கழுவ வைத்தாள் அந்தப் பெண். அவள் செய்ததுதான் சரி.

தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் வீடு அன்று 15. அது மெழுகுவர்த்தியா என்று ஹாலந்து அம்மா கேட்டார். வெந்நீரில் நிற்கவைத்து உருக்கியாச்சு. சட்னிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணி மட்டும்தான். கொதிக்காமல் பச்சையாகப் போகிற ஒரே பதார்த்தம் அதுதான், வெளியூர் வயிறு படுத்துவதும் அதில்தான்.

அடைதான் அன்று அழகு. மாவை கொரகொரப்பாக, அரிசி பருப்பு பல்லில் தெரிகிற பதத்தில் நிறுத்த வேண்டும். நைசாக அரைத்தால் ரப்பர் வட்டு. கல் காய்ந்ததும் பாதி வெங்காயத்தால் தேய்த்து, தண்ணி தெளித்து, சொய்யென்று ஓடியதும் மாவு. கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு கரண்டியோடேயே சுருண்டு வந்துவிடும். காயாமல் ஊற்றினால் வெளிறிப்போய் ஒட்டும். எண்ணெய் முதலில் நிறைய விட்டால் மாவு பரவாமல் வழுக்கும். தோசையைக் கரண்டியால் சுழற்றலாம், அடையைக் கையால் தட்டித்தான் பரப்ப வேண்டும், கையில் தண்ணி தொட்டுக்கொண்டு. நடுவில் விரலால் ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய். இல்லாவிட்டால் ஓரம் கருகும், நடு வேகாது. ஹாலந்துக்காரர் ஓட்டையைச் சரியாக நடுவில் போட வேண்டுமென்று நாலு அடையைப் பாழாக்கினார். ஐந்தாவது வந்ததைப் படம் எடுத்துவிட்டுத்தான் தின்றார். வெல்லம், வெள்ளை வெண்ணெய், சாம்பார். அந்த அயர்லாந்துப் பெண் மூன்று தின்றாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பயமில்லாமல் தின்னும் முதல் சாப்பாடு என்றாள். சித்தி சட்டென்று கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இன்னொன்று தட்டினாள்.

2 மணிக்கு அக்ஷர்தாம். 5 மணிக்குப் பாத்திரத்திலிருந்து சலசலவென்று சத்தம். மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ரஜாய் வரைக்கும் வந்து நிற்கிறது. கணக்குப்படி 23 மணி நேரம். சித்தி சொன்ன 24க்கு ஒன்று குறைவு. அதன் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. இரண்டு நாளாக வீட்டில் இட்லி, மூன்றாம் நாள் ஊத்தப்பம். சித்தப்பா ரஜாயைத் துவைக்கப் போட்டிருக்கிறார், காயவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தச் சமையல் வகுப்பிலும் கிரைண்டர் கழுவுவதைச் சொல்லித் தருவதில்லை. அடை மாவை அள்ளினதும் ஒரு டம்ளர் தண்ணி ஊற்றி 2 நிமிஷம் ஓடவிட வேண்டும், அந்தத் தண்ணியை மாவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு, வந்தவர்களோடு போட்டோ எடுக்கப் போய்விட்டால், உளுந்து கல்லில் சிமென்டாகக் காய்ந்துவிடும். அப்புறம் ஜனவரிக் குழாய்த் தண்ணியில் தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பது யார்? வேலைக்கார அம்மாவுக்கு ஞாயிறு லீவு. அடுத்த வாரமும் 4 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். கிரைண்டர் கழுவ ஐந்தாவதாக ஒருவர் கட்டணமில்லாமல் வரலாம் என்று விளம்பரத்தில் சேர்க்கச் சொன்னால் சித்தி முறைக்கிறாள்.