சாப்பாட்டு மேசையில் பாட்டு வழக்கு

கனடாக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கத் தரும் கையேட்டில் டேவிட் மில்கார்ட் என்ற பெயர் இல்லை. 20 கேள்விகளில் 15க்குச் சரியான விடை எழுதினால் சித்தி. மாகாணத் தலைநகரங்களையும் முதலாவது பிரதமரின் பெயரையும் பாடமாக்கி நானும் எழுதிச் சித்தியடைந்தேன். ஆனால் இந்த நாட்டு மனிதர்களுக்கு எதை நினைத்தால் தொண்டை அடைக்கும், எதற்காகக் குரலை உயர்த்துவார்கள் என்பதைப் படித்தது ஒன்ராறியோ மாகாணத்து பீற்றர்பரோ நகரத்தில் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில்தான். அங்கே நாள் முழுக்கப் பாடுகிற ஒரு ரேடியோவும், அந்தப் பாட்டுகளுக்குக் கருத்துச் சொல்லி மல்லுக்கு நிற்கிற சக வேலையாட்களும்தான் எனக்கு வாத்திமார்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த காலத்தில் இதெல்லாம் தேவைப்படவில்லை. காரில் ஏறினால் தமிழ் வானொலி, இறங்கினால் தமிழ்க் கடை, பல் வைத்தியரும் தமிழர். என் கணவருக்கு பீற்றர்பரோவில் வேலை கிடைத்ததும் குடும்பமாக அங்கே பெயர்ந்தோம். எனக்குப் பொதி கட்டும் பிரிவில் இடம் கிடைத்தது. பேச்சுத் துணைக்குத் தமிழ் ஆள் ஒருவரும் இல்லை. சாப்பாட்டு அறை அலமாரிக்கு மேலே இருந்த ரேடியோவை எவரும் நிறுத்துவதில்லை, நிலையத்தை மாற்றுவதும் இல்லை. எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையான றொக் பாட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் எனக்குக் கிற்றாரும் மேளமும் மட்டுமே கேட்டன, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. என்னைப் பிடித்து இழுத்தது பாட்டு முடிந்த பிறகு தொடங்குகிற வாதம். பாடகன் யாரைச் சொல்கிறான், எந்த ஊரைச் சொல்கிறான், அந்த வரி கோபமா கவலையா என்று சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் கதைப்பார்கள். கண்ணதாசன் யாரை மனதில் வைத்து எழுதினார் என்று அப்பாவும் சித்தப்பாவும் முற்றத்தில் விடிய விடிய வாதாடியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். மொழி புதிது, வழக்கு பழையது.

ஒரே குழுக்களின் பாட்டுகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று போர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவரிடம் கேட்டேன். சட்டம் அப்படி என்றார். 1971இலிருந்து கனடிய வானொலி நிலையங்கள் தாங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் நூற்றுக்கு 30 பங்கு கனடியப் பாட்டுகளாகப் போடவேண்டும் என்று விதி வந்தது. பின்னர் அது 35 ஆனது. தெற்கே இருக்கிற பெரிய அயல்நாட்டின் பாட்டு முழுவதையும் மூடிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதன் அருமை எனக்கு உடனே விளங்கியது. சென்னையிலிருந்து வரும் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே ஈழத்து மெல்லிசைக்கு எங்கள் வானொலியில் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் காத்திருந்து கேட்ட வீடு எங்களுடையது.

நான் முதலில் முழுதாகப் பின்தொடர்ந்த வழக்கு வினிப்பெக் நகரத்துக் குழுவான கெஸ் ஹூவின் ‘அமெரிக்கன் வுமன்’ பற்றியது. 1970இல் அமெரிக்காவிலேயே முதலிடத்துக்குப் போன பாட்டு. அமெரிக்கப் பெண்ணே, என்னை விட்டுப் போ என்று பாடுகிறான். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். இது போரை எதிர்க்கும் பாட்டு, அந்தப் பெண் அமெரிக்க நாடேதான் என்பது ஒரு கட்சி. இல்லை, வெறுமனே பெண்களைப் பற்றியது என்பது மறு கட்சி. வேடிக்கை என்னவென்றால் பாட்டை உண்டாக்கியவர்களே இரண்டு கட்சி. கிற்றார் வாசித்த ரண்டி பாக்மன் அதைப் போர் எதிர்ப்புப் பாட்டு என்றே சொல்லி வந்திருக்கிறார். பாடிய பேர்ட்டன் கம்மிங்ஸோ தன் மனதில் இருந்தது பெண்கள்தான், கனடாப் பெண்களைத்தான் தான் விரும்பினேன் என்கிறார். மேடையிலேயே முன்னேற்பாடு இல்லாமல் பிறந்த பாட்டு அது. எந்த மேடை என்பதிலும் இருவரும் ஒத்துப்போவதில்லை. பாக்மன் கிச்சனர் நகரம் என்கிறார். கம்மிங்ஸ் சொல்வது ஸ்காபரோவில் இருந்த, கேர்லிங் என்ற பனித்தரை விளையாட்டுக்கான ஒரு அரங்கை. அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட உரிமை உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. வந்து இறங்கி முதல் வாடகை வீடு எடுத்த ஊருக்கு, நாங்கள் வருவதற்கு முன்பே இப்படி ஒரு கதை இருந்திருக்கிறது.

பீற்றர்பரோவுக்கும் தன் பங்கு வழக்குகள் உண்டு. மேற்கே கொஞ்சத் தூரத்தில் ஒமிமீ என்ற சின்ன ஊர். பாடகர் நீல் யங் சிறுபிள்ளையாக வளர்ந்த இடம், 1951இல் போலியோ வந்து படுத்ததும் அங்கேதான். வடக்கு ஒன்ராறியோவில் ஒரு ஊர் என்று தொடங்குகிற அவருடைய ‘ஹெல்ப்லெஸ்’ ஒமிமீயைத்தான் சொல்கிறது என்பதில் இங்கே எவருக்கும் சந்தேகம் இல்லை. உண்மையிலேயே வடக்கில் இருக்கும் சட்பரியிலிருந்து வந்த ஒருவர் மட்டும், ஒமிமீ எப்படி வடக்காகும், ஒன்ராறியோவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழும்புவார். வரைபடப்படி அவர் சொல்வது சரி. நான் வரைபடத்தின் பக்கம் இல்லை. ஐந்து வயதில் காய்ச்சலோடு படுத்திருந்த ஊரைப் பிற்காலத்தில் கலிபோர்னியாவில் இருந்து நினைப்பவனுக்கு அது வடக்கேதான் இருக்கும்.

ட்ரஜிக்கலி ஹிப்பிடம் வந்தால்தான் மேசை சூடாகும். கிங்ஸ்ரன் நகரத்துக் குழு, பாடல் எழுதிப் பாடியவர் கோர்ட் டவுனி. வெளிநாடுகளில் இவர்களைப் பெரிதாகத் தெரியாது, இங்கே இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எங்களுக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பொப்கேஜன் என்ற ஊரின் பெயரிலேயே 1998இல் ஒரு பாட்டு எழுதினார்கள். கோடை விடுமுறைக்காரர்கள் அதை நட்சத்திரமும் ஏரியும் காதலும் என்று பாடித் திரிகிறார்கள். உள்ளே இருப்பது வேறு. ரொறன்ரோவில் வேலை செய்கிற ஒருவன், பெரும்பாலானோர் சொல்வதுபடி ஒரு பொலிஸ்காரன், இனவெறிக் குரல்கள் எழுந்த கலவரத்துக்குள் நின்றுவிட்டு வேலையை விடுவோமா என்று யோசிக்கிறான். 1933 ஓகஸ்டில் ரொறன்ரோவின் கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில் பேஸ்போல் ஆட்டத்தின்போது சிலர் ஸ்வஸ்திகாக் கொடியை விரித்ததும், யூத இளைஞர்களும் அவர்களோடு சேர்ந்து இத்தாலிய இளைஞர்களும் எதிர்த்து நின்றதும், இரவு வெகுநேரம் வரை அடிதடி நடந்ததும் பாட்டின் அடியில் இருப்பதாகப் பலர் வாதிடுவார்கள். ஊர்ப் பெயரை ஓசைக்காகத்தான் எடுத்தேன் என்று டவுனி சொன்னதைக் காட்டி மற்றவர்கள் மறுப்பார்கள். பெயர் ஓசைக்காக வந்திருக்கலாம். கலவரம் ஓசைக்காக வரவில்லை என்பது என் கட்சி. 1983இல் கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு ஓடிவந்தவர்களின் நடுவே வளர்ந்த எனக்கு, கூட்டத்துக்குள் நின்ற அந்தச் சீருடைக்காரனின் நித்திரையில்லாத இரவை வெறும் காதல் பாட்டாகக் கேட்க முடியவில்லை.

அவர்களுடைய ‘ஃபிஃப்டி மிஷன் கேப்’ பாட்டை விரைவில் சொல்லி முடிக்கலாம். 1951இல் ரொறன்ரோ ஹொக்கி அணிக்குக் கிண்ணத்தை வென்று தந்த கோலை அடித்த பில் பரில்கோ, அந்தக் கோடையில் மீன் பிடிக்கப் போன சிறு விமானத்தோடு காணாமல் போனார். அணி மறுபடி கிண்ணம் வென்றது 1962இல், உடல் கிடைத்ததும் அதே ஆண்டில். வீரர்களின் படம் போட்ட ஹொக்கி அட்டை ஒன்றில் வாசித்ததை டவுனி பாட்டாக்கினார். ஆண்கள் இதைக் கதைக்கத் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் போதாது.

ஹிப்பின் ‘வீற் கிங்ஸ்’தான் என்னை உலுக்கியது. பறவையின் கூவலோடு தொடங்கி, ஒற்றைக் கிற்றாரோடு மெல்ல நடக்கும். முகாம் நெருப்பைச் சுற்றி இருந்து பாட நல்ல பாட்டு என்று சொல்வார்கள், பாடவும் செய்கிறார்கள். கோதுமை வயல்களைப் பற்றியது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஒரு நாள் போர்க்லிஃப்ட் பெரியவர் சொன்னார். 1969இல் சஸ்கற்றூன் நகரத்தில் ஒரு தாதி கொல்லப்பட்டாள். அந்த வழியாக நண்பர்களோடு பயணம் போன 16 வயதுப் பெடியன் டேவிட் மில்கார்ட்டைப் பிடித்தார்கள். கொலை நடந்து சரியாக ஒரு வருடத்தில், 1970 ஜனவரி 31இல், ஆயுள் தண்டனை விழுந்தது. பிள்ளை செய்யவில்லை என்று தாய் ஜோய்ஸ் ஏறாத படி இல்லை. 1992இல்தான் விட்டார்கள். அந்த ஆண்டே பாட்டு வந்தது. 1997இல் மரபணுப் பரிசோதனை அவர் குற்றமற்றவர் என்று காட்டியது. கொன்றவன் வேறு ஒருவன் என்று பிறகு தீர்ப்பும் வந்தது. நட்டஈடாக 1 கோடி டொலர் கொடுத்தார்கள். வாழ்க்கையில் 23 வருடம் சிறையில் போயிற்று.

பாட்டில் ஓரிடம் வரும். விடுதலைச் செய்தி தொலைக்காட்சியில் சொல்லப்படுகிறது, நாடு முழுவதும் மெல்லிய குரலில், அவன் வெளியே வருவான் என்று எங்களுக்கு எப்போதோ தெரியும் என்கிறது. அந்த இடத்துக்கு மேசையில் இரண்டு பொருள். ஆறுதல், நாட்டின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்றார் ஒருவர். பெரியவர் கோபப்பட்டார். தெரியும் என்றால் இருபது வருடத்துக்கு மேல் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்றுதான் பாட்டு கேட்கிறது என்றார். நான் அந்த மேசையில் முதன்முதலாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். அவர் சொல்வதுதான் சரி என்றேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருந்தார். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்த மகன் வழக்கும் இல்லாமல் தீர்ப்பும் இல்லாமல் வருடக்கணக்காக உள்ளே இருந்தான். அவன் வெளியே வந்த அன்று, அதுவரை அந்த வீட்டுப் படலையைத் திறக்கப் பயந்தவர்கள் எல்லாரும் பலகாரத்தோடு வந்து, எங்களுக்கு அப்பவே தெரியும் அம்மா என்றார்கள். அந்தத் தாய் பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இதை உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது மேசையில் இருந்தவர்கள் இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ஒருவர், அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அன்றிலிருந்து பாட்டு வழக்குகளில் என்னிடமும் கருத்துக் கேட்பார்கள்.

2016 மே மாதம் டவுனிக்கு மூளைப் புற்றுநோய், சுகமாக்க முடியாது என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகும் அவர் நாடு முழுக்கப் போய்ப் பாடினார். ஓகஸ்ட் 20, கிங்ஸ்ரனில் கடைசி நிகழ்ச்சி. கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி விளம்பர இடைவேளை இல்லாமல் ஒளிபரப்பியது, கிட்டத்தட்ட 1 கோடி 17 இலட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. நாங்கள் பெரியவரின் வீட்டுக் கொல்லையில் இருந்து பார்த்தோம், நான் கடலை வடை சுட்டுக்கொண்டு போயிருந்தேன். பாட்டுக்கு நடுவே டவுனி, அரங்கில் இருந்த பிரதமரை நோக்கி, வடக்கில் வாழும் முதற்குடிகளைப் பார்க்காமல் இருக்கவே நாங்கள் பழக்கப்பட்டோம், இனிச் சரிசெய்யவேண்டும் என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். எங்களோடு தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிற, கேர்வ் லேக் முதற்குடிச் சமூகத்துப் பெண் மட்டும் தட்டவில்லை.

அந்த ஒக்டோபரில் டவுனியின் ‘சீக்ரெட் பாத்’ வந்தது. பத்துப் பாட்டுகள். 12 வயது அனிஷினாபே முதற்குடிச் சிறுவன் சேனி வென்ஜாக், முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த, கெனோராவுக்குப் பக்கத்தில் இருந்த வதிவிடப் பாடசாலையிலிருந்து தப்பி, 600 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த வீட்டுக்குத் தண்டவாளத்தைப் பிடித்து நடந்து, 1966 ஒக்டோபரில் குளிரிலும் பசியிலும் இறந்துபோன கதை. மேசையில் எல்லாரும் உருகிக் கதைத்தார்கள். கேர்வ் லேக் பெண் அப்போதுதான் பேசினார். டவுனி செய்தது நல்ல காரியம், ஆனால் இந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் ஆளான வில்லி டன் எழுபதுகளிலேயே பாடிவிட்டார், அதை நீங்கள் எத்தனை பேர் கேட்டீர்கள் என்றார். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இந்த ஊரில் இருக்கிற ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரை மண்டபத்துக்கு வென்ஜாக்கின் பெயரை வைத்து எவ்வளவு காலம் என்றும் கேட்டார். எழுபதுகளிலிருந்து அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. அங்கே படித்த இரண்டு பேர் மேசையில் இருந்தார்கள், பெயரைத் தெரியும், பிள்ளையைத் தெரியாது. ‘வீற் கிங்ஸ்’ பாட்டுக்குப் பெரியவர் சொன்ன பொருள் அன்று அவர் மீதே திரும்பியது. அவர் அதை ஒத்துக்கொண்டார். அடுத்த கிழமை வில்லி டன்னின் பாட்டைத் தன் போனில் போட்டு மேசையில் வைத்தவரும் அவர்தான்.

இப்போது நடக்கிற வழக்கு பாடகர் கோர்டன் லைட்ஃபுட்டின் கப்பல் பாட்டைப் பற்றியது. 1975 நவம்பர் 10 புயலில் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. ஒரு உடலும் மீட்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வந்த பாட்டில், சரக்கறையின் பெரிய மூடி உடைந்து உள்ளே போனது என்று ஒரு வரி இருந்தது. மூடிகளைச் சரியாகப் பூட்டவில்லை என்ற பழி அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர்களின் தலையில் விழும், அவர்களுடைய குடும்பங்கள் ஒவ்வொரு நவம்பரும் அதைக் கேட்கவேண்டும். 2010இல் ஒரு ஆவணப்படம் வேறு காரணத்தைக் காட்டியபோது, லைட்ஃபுட் மேடையில் அந்த வரியை மாற்றி, இருட்டிவிட்டது என்று பாடினார். 2023இல் இறக்கும் வரை அப்படித்தான் பாடி வந்தார். வானொலியில் வருவது பழைய ஒலிப்பதிவு.

பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார், வழக்கை நடத்துவது இப்போது இளம் ஆட்கள். பதிவான பாட்டே பாட்டு, எழுதியவருக்கும் பிறகு அதில் கை வைக்க உரிமை இல்லை என்று ஒரு பெடியன் நிற்கிறான். பாட்டை விட இறந்தவனின் நற்பெயர் பெரிது என்று நான் நிற்கிறேன். கேர்வ் லேக் பெண் என் பக்கம். போன நவம்பரில் ரேடியோவில் அந்த வரி வந்ததும் பெடியன் என்னைப் பார்த்தான், நான் மாற்றிய வரியைச் சத்தமாகச் சொன்னேன்.