மூலை பொருந்தவில்லை: சில சனிக்கிழமைகள்

மே 3, 2025, சனி

அப்பாவின் படத்தை ஒரு சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு கொழும்பு கொம்பனித்தெரு நானாவின் பிரேம் கடைக்குப் போனேன். 1979 இல் அப்பா நீர்வண்ணத்தில் கீறிய சுன்னாகத்துக் கிணற்றடி. வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு வளவு தள்ளித்தான் எங்கள் வீடு. உப்புக்காற்று அலுமாரிக்குள்ளும் வரும். தண்ணீர் அள்ளுகிற துலா நிற்கிற மூலையில் நிறம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

முன்பு வேறு ஓரிடத்தில் பிரேம் போட்டது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் இல்லை, அதாவது இரண்டும் தொடாமல் படத்தைச் சுற்றி வைக்கிற ஓர அட்டை. பின்பலகையைக் கழற்றினால், படத்தைப் பிடித்திருந்தது செலோடேப், தேன் நிறத்தில். நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின்தான். ஈரம் பட்டால் அது இளகும், காயும்போது எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

"இழுக்காதீங்க தங்கச்சி. இழுத்தா தொலா கண்ணாடியோட வந்துரும்" என்றார் நானா.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே பழகலாமா என்று கேட்டேன். பென்ஷன் எடுத்த பிறகு சனிக்கிழமைகளில் படம் கீறப் பழகுகிறேன், இதையும் சேர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. நானா என் கையைப் பார்த்தார். "வெறும் மரத்துல பழகுங்க. படம் பொறகு."

மே 10, சனி

மைட்டர் பெட்டியும் (மரத்தைச் சரிவாக வெட்ட வாளைப் பிடித்துக்கொடுக்கிற பெட்டி) கைவாளும். கடையில் மிதித்து வெட்டுகிற மெஷின் இருக்கிறது, எனக்குத் தரவில்லை.

நான்கு துண்டு, எட்டு வெட்டு, எல்லாம் 45 பாகை. மூன்று மூலை அழகாகப் பூட்டியது. நாலாவதில் ஒரு கீற்று வெளிச்சம். கோணம்தான் பிழை என்று திரும்ப வெட்டினேன். கீற்று பெருத்தது. இன்னொரு தரம். பிரேம் சின்னதாகிக்கொண்டே போனது, வெளிச்சம் போகவில்லை.

நானா பேசாமல் எதிரெதிர்த் துண்டுகள் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து நுனியில் பெருவிரலை ஓட்டினார். அங்கே ஒரு படி, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். "கோணம் சரி. நீளம்தான் பொய் சொல்லுது."

ஒரு பக்கம் நீளம் குறைந்தால் மற்ற மூன்று மூலையும் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, முழுப் பிழையையும் கடைசி மூலையில் கொண்டுபோய்க் கொட்டும். நான் ஒவ்வொரு துண்டையும் டேப்பால் தனித்தனியே அளந்திருந்தேன். அவர் அளப்பதேயில்லை. மேசையில் ஒரு கட்டையை ஆணியடித்து, முதல் துண்டின் நுனியை அதில் முட்டவைத்து வெட்டுகிறார். சோடித் துண்டையும் அதே கட்டையில் முட்டி வெட்டுகிறார். எத்தனை மில்லிமீட்டர் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

நாற்பது வருடம் கணக்குப் பேரேடு பார்த்த எனக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

மே 12, திங்கள், வெசாக்

கீழ்வீட்டுப் பையன் மூங்கில் ஈர்க்கில் அட்டபட்டம என்கிற வெசாக் விளக்குக்கூடு கட்டுகிறான். ஆறு சதுரம் செய்து மூலையோடு மூலை கட்டினால் நடுவில் தானாகவே எட்டு முக்கோணம் விழுகிறது. 24 குச்சி. கூடு ஒரு பக்கம் கோணியது. எண்ணெய்த்தாள் ஒட்ட முன் நான் போய்க் குச்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். இரண்டு குச்சி நீளம் குறைவு. பையன் என்னை மந்திரக்காரியைப் போலப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மே 17, சனி

கடை பூட்டு. வீட்டில் தேநீர்க் கோப்பை கீறினேன். வாய் வட்டம் எத்தனை தரம் போட்டாலும் பக்கங்கள் தலையணை போல வீங்கின. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுகிற பழைய வித்தைதான் செய்தேன். உயரம் பார்க்கும்போது கை நீட்டி இருந்திருக்கிறது, அகலம் பார்க்கும்போது முழங்கை மடிந்துவிட்டது. அளவுகோலே நடுவழியில் மாறிவிட்டால் கோப்பை என்ன செய்யும்? முழங்கையைப் பூட்டிக்கொண்டு திரும்பக் கீறியதும் கோப்பை நிமிர்ந்து நின்றது. நிழல் இன்னும் மோசம், 2பி பென்சிலிலேயே எல்லா இருட்டையும் தேடுகிறேன்.

பின்னேரம் 100 ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் அங்கிருந்து கிறீன் பாத் வரை நடந்தேன். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர் மாறி எத்தனையோ காலம், என் வாயில் இன்னும் கிறீன் பாத்தான். 1993 முதல் கலா பொல என்கிற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கிற தெரு. இன்று நடைபாதையில் சிலர் படங்களை வேலியில் சாத்தி வைத்திருந்தார்கள். யானை, தேயிலைக்காரி, பெரஹரா. நான் படத்தை விட்டுவிட்டு மூலை மூலையாகக் குனிந்து பார்த்தேன். வாங்கப்போகிறேன் என்று நினைத்து ஒருவர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பாவம்.

மே 24, சனி

மழை. மவுண்ட் வெட்டப் பழக்கினார். கத்தி சரிந்து நிற்கும், அட்டையின் வெள்ளை உள்விளிம்பு ஒரு கோடாகத் தெரியவேண்டும். மூலையில் கத்தி ஒரு நூல் தாண்டினால் கீறல், தாண்டாவிட்டால் தும்பு. ஏழு அட்டை பாழ். பிளேடை ஏன் மாற்றவில்லை என்று ஏச்சும் வாங்கினேன்.

மவுண்டின் ஓரம் மேலேயும் இரு பக்கங்களிலும் இரண்டரை அங்குலம், கீழே மூன்று. நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் வழுக்கிக் கீழே இறங்கியது போலக் கண்ணுக்குத் தெரியும். வெட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் நம்பினேன். போன சனிக்கிழமைக் கோப்பையை அதில் வைத்தேன். படத்தைப் பிடிக்க செலோடேப் இல்லை: மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய தாள் துண்டு, கோதுமை மாப் பசை. ஈரக்காற்றில் தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும், நாலு பக்கமும் ஒட்டினால் நெளிந்துவிடும்.

மே 31, சனி

இன்று அப்பாவின் படம். கண்ணாடியோடேயே விட்டுவிடுவது என்று முடிவு. ஒட்டிய இடத்தில் கை வைக்க எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

10க்கு 14 அங்குலம். மரம் வாங்கச் சுற்றளவு 48, அதோடு மரத்தின் அகலம் ஓரங்குலத்தின் எட்டு மடங்கு, 56. வாள் தின்கிறதற்கும் சேர்த்து ஆறடி தேக்கு. கண்ணாடியின் பக்கங்களை ஒப்பிட்டால் இடது 356 மில்லிமீட்டர், வலது 354. பழைய கண்ணாடியே கோணல்! பிரேமையும் கோணலாக்கவா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். நீங்க சமமா வெட்டுங்க. கண்ணாடி உக்கார்ற உள்படி ஆறு மில்லி இருக்கு, மறைச்சுரும்."

நீண்ட பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டு வெட்டினேன். பசை, சுற்றி இறுக்கப் பட்டிக் கயிறு, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. இரண்டும் ஒன்று. பின்னால் கீழ் இரு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினோம், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்றுப் போகட்டும் என்று. வெளிச்சுவரில் மாட்டாதே, மழைக்காலத்தில் அது வியர்க்கும் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டறை உட்சுவரில் மாட்டினேன்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். மூலைகளைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"துலா இடப்பக்கமெல்லோ நிண்டது" என்றார். "இந்த மனுசன் மாத்திக் கீறியிருக்கு."