மூன்று வாரிசு, ஒரு காலி மனை: கிரயத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வரிக் கணக்கு

பூர்விகச் சொத்தை விற்கும் குடும்பங்களில் ஆடிட்டரிடம் போவது பெரும்பாலும் பத்திரம் பதிந்த பிறகுதான். அப்போது அவரால் கணக்கு எழுதத்தான் முடியும், வரியைக் குறைக்க வழி அதிகம் இருக்காது. கோவையில் 20 சென்ட் காலி மனையை எடுத்துக்கொள்வோம். அப்பா 1980-களில் வாங்கியது. உயில் இல்லாமல் காலமானார். அண்ணன், தங்கை, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி என மூன்று வாரிசுகள். விலை 4.5 கோடி, விற்பனை 2025-26 நிதியாண்டில். எண்கள் உதாரணத்துக்குத்தான். படிகளும் சிக்கல்களும் இப்படிப்பட்ட கோப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை.

சொத்து யாருடையது என்பதில் தொடங்க வேண்டும். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பங்கு. அது கூட்டுக்குடும்பச் சொத்து ஆகாது. இதைக் கவனிக்காமல் 'குடும்பச் சொத்துதானே' என்று கூட்டுக்குடும்பத்தின் பான் எண்ணில் விற்றால், மூன்று பேருக்குத் தனித்தனியே கிடைக்க வேண்டிய விலக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். வாரிசுச் சான்றிதழ், மூவர் பெயரிலும் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் விலை பேசுவதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

அடுத்தது 1.4.2001 மதிப்பு. அப்பா அதற்கு முன்பே வாங்கியதால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக, அதாவது வாங்கிய விலையாக, வைக்கலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் 90 லட்சம் என்று தாராளமாக எழுதிக் கொடுப்பார். ஆனால் மனை, கட்டடத்துக்கு அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைத் தாண்ட முடியாது என்று 2020 நிதிச் சட்டம் வரம்பு போட்டுவிட்டது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001-ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை; மதிப்பீட்டாளர் அதற்குப் பிறகு. இங்கே அது 60 லட்சம் என்றால் ஆளுக்கு அடக்கம் 20 லட்சம், விற்பனைப் பங்கு 1.5 கோடி.

2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளுக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அடக்க விலையை உயர்த்துவது) கிடையாது. எதிர்ப்பு கிளம்பிய பின், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் சரிக்கட்டலோடு கூடிய பழைய 20 சதவீதக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைவானதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். 2001-ஐ 100 என்று வைத்தால் 2025-26-க்கான பணவீக்கக் குறியீடு 376. அதன்படி 20 லட்சம் 75.2 லட்சமாகும், ஆதாயம் 74.8 லட்சம், 20 சதவீத வரி 14.96 லட்சம். குறியீடு இல்லாமல் பார்த்தால் ஆதாயம் 130 லட்சம், வரி 16.25 லட்சம். பழைய கணக்கே லாபம்.

விலை 2001 மதிப்பைப் போல் சுமார் 8.36 மடங்கைத் தாண்டினால் 12.5 சதவீதம் லாபம், அதற்குள் இருந்தால் 20 சதவீதம் லாபம். வரி விலக்குக்காக 54இசி பாண்டில் (அரசு நிறுவனங்களின் கடன் பத்திரம், விவரம் கீழே) பணம் போடுகிறவர்கள் இந்த ஒப்பீட்டை அப்படியே செய்யக் கூடாது. பாண்டில் போடும் தொகையை விற்பனை விலையில் கழித்துவிட்டுத்தான் 8.36 மடங்கோடு ஒப்பிட வேண்டும். 50 லட்சம் பாண்டு போட்டால் 12.5 சதவீத வழியில் வரி 10 லட்சம். 20 சதவீத வழியில் 4.96 லட்சம்தான். பாண்டு 20 சதவீத வழியில் 10 லட்சம் மிச்சப்படுத்துகிறது, 12.5 சதவீத வழியில் 6.25 லட்சம் மட்டுமே. குறியீட்டுக் கணக்கில் நஷ்டம் வந்தால் அதை வேறு ஆதாயத்தோடு தட்டிக் கழிக்க முடியாது, அந்த ஆசை வேண்டாம்.

இனி தம்பி. இந்த ஒப்பீட்டுச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும்தான், என்ஆர்ஐக்கு 12.5 சதவீதம் மட்டுமே. அதைவிடப் பெரிய தலைவலி டிடிஎஸ், அதாவது வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. அண்ணன், தங்கை பங்குக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் போதும். தம்பி பங்குக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆதாயத்தின் மேல் அல்ல, முழு விற்பனைத் தொகையின் மேலேயே பிடிப்பார்கள்: மேல்வரி, செஸ் சேர்ந்து 14.95 சதவீதம், அதாவது ஏறத்தாழ 22.4 லட்சம். அதிகமாகப் போனதை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். இதைத் தவிர்க்க, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்குப் படிவம் 13-ல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதில் வாங்குபவரின் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வேண்டும், அவரிடம் பெரும்பாலும் அது இருக்காது. கிரய ஒப்பந்தத்திலேயே 'சான்றிதழ் வந்த பிறகே பதிவு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல கோப்புகள் சிக்கியது இந்த ஒரு வரி இல்லாமல்தான். தம்பியின் பணம் என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) போக வேண்டும்.

1 சதவீத டிடிஎஸ்-க்குப் படிவம் 26கியூபி. வாங்குபவர், விற்பவர் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று. கணவன் மனைவி சேர்ந்து வாங்கி, உள்ளூர் வாரிசுகள் இருவர் விற்றால் நான்கு படிவங்கள். 50 லட்ச வரம்பை ஒவ்வொருவர் பங்கிலும் பார்ப்பது 2024 அக்டோபர் 1 முதல் போயிற்று. மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். ஆதாரோடு இணைக்காத பான் இருந்தால் 1 சதவீதம் 20 ஆகிவிடும். வயதான பெரியம்மா, அத்தை பங்குதாரராக இருக்கும் குடும்பங்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ரொக்கம் பற்றி ஒன்றே ஒன்று: முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கையில் வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரும். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்தால் 10 சதவீதம் வரைதான் சலுகை. அதற்கு மேல் வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

மறுமுதலீடு. ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் 54இசி பாண்டுகளில் ஆளுக்கு 50 லட்சம் வரை, விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள். 5 ஆண்டு எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம், அந்த வட்டிக்கும் வரி உண்டு. வட்டிக்காக யாரும் வாங்குவதில்லை. வீடு வாங்கித் தப்பிக்கலாம் என்றால், காலி மனைக்குப் பொருந்துவது வருமான வரிச் சட்டத்தின் 54எஃப் பிரிவு. ஆதாயத்தை மட்டுமல்ல, கிடைத்த முழுத் தொகையையும் வீட்டில் போட வேண்டும். பாதி போட்டால் பாதி விலக்கு. வாங்க 2 ஆண்டு, கட்ட 3 ஆண்டு, உச்சவரம்பு 10 கோடி. வசதியான குடும்பங்கள் இடறுவது இங்கேதான்: விற்கும் நாளில் ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் குடியிருப்பு வீடு சொந்தமாக இருந்தால் 54எஃப் கிடையாது. வாடகைக்கு விட்ட பிளாட்டும் கணக்கில் சேரும். கட்டி முடியும் வரை செலவழிக்காத பணத்தை ரிட்டர்ன் கெடு தேதிக்குள் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் வைத்திருந்தால் விலக்கு போய்விடும்.

மிச்சப் பணத்தில் பழைய வழக்கங்கள் பல இனி பயன்படாது. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் பத்திர ஃபண்டின் லாபத்துக்கு உங்கள் சாதாரண வரி விகிதமே. அதே தேதி முதல் எடுத்த பாரம்பரிய ஆயுள் பாலிசியில் ஆண்டுப் பிரீமியம் 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு விலக்கில்லை. மனைவி பெயரில் போட்டாலும் வருமானம் கணவர் கணக்கில்தான் சேரும். 18 வயது நிரம்பிய பிள்ளைக்குக் கொடுத்தால் சேராது. பங்கு ஃபண்டுகளில் ஆளுக்கு 1.25 லட்சம் நீண்டகால ஆதாயம் வரை ஆண்டுதோறும் வரி இல்லை.

முன்கூட்டிய வரியை விற்ற பிறகு வரும் தவணையிலேயே கட்டிவிடுங்கள். மார்ச் 15-க்குப் பின் விற்றால் 31-க்குள். 2026 ஏப்ரல் 1 முதல் நடக்கும் விற்பனைக்குப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் இங்கே சொன்ன பிரிவு எண்கள் மாறும். ஒப்பந்தத்தில் பிரிவு எண் எழுதும்போது வக்கீலிடம் அதைக் கேட்டுக்கொள்ளவும்.